ஒத்தைத் தானியம்

முதல்ல போனது நாக்குதான். காரம் பட்டா எரிஞ்சுது, அப்புறம் உப்பு பட்டாலும் எரிஞ்சுது, கடைசியில வெறும் தண்ணி பட்டாலே எரிய ஆரம்பிச்சுடுச்சு. கண்ணாடியில நீட்டிப் பார்த்தா செக்கச்செவேல்னு, மேல்தோலை உரிச்செடுத்த மாதிரி வழவழன்னு இருந்துச்சு. "சூடு புள்ள, மோர் குடி"ன்னார் எங்க வீட்டுக்காரர். நான் மோர் குடிக்கக் கூடாதுன்னு அவருக்கும் தெரியும். தெரிஞ்சும் சொன்னார். நானும் காதுல விழாத மாதிரி அடுப்படிக்குப் போயிட்டேன்.

ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப பார்க்க வந்தவங்க அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: "உனக்கு என்னதான் வியாதி?" பேரைச் சொன்னா யாருக்கும் வாயில நுழையல. நுழைஞ்சவங்களும் நம்பல. சாப்பிட்டதனால வந்த வியாதியா, சாப்பிடாததனால வந்த வியாதியான்னு கேட்டா ரெண்டும்தான்னு சொல்லணும், அதைச் சொன்னா இவளுக்கு இன்னும் புத்தி தெளியலன்னு போயிடுவாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் வாய் வலிக்கச் சொல்லி அலுத்துப்போச்சு. அதனாலதான் எழுதறேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க, பொறுக்க முடியாட்டி மூடி வெச்சுடுங்க.

என் பேர் மல்லிகா. மூக்கண்டப்பள்ளியில ஒரு லைன் வீட்டுல இருக்கோம். நான் ரோஜாப் பண்ணையில பூ வெட்டற வேலைக்குப் போய்க்கிட்டிருந்தேன். எங்க வீட்டுக்காரர் பெருமாள், ராயக்கோட்டை ரோட்டுல ஒரு கோழித்தீவன மில்லுல மிக்சர் ஓட்டறார். எங்களுக்கு ஒரே பையன், தினேஷ், ஏழு வயசு. பிறந்ததுல இருந்தே அவனுக்கு இருதயத்துல ஓட்டை. கெட்ட ரத்தமும் நல்ல ரத்தமும் ஒண்ணாக் கலந்துடுதாம். அதனால ஓடினா, அழுதா, ஏன் வேகமா சிரிச்சாக்கூட, உதடும் நகமும் நீலம் பாரிச்சுடும். பெங்களூர்ல ஒரு தர்ம ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குப் பதிஞ்சு வெச்சிருந்தோம். கூப்பிடும்போது போன் வரும்னாங்க. எங்ககிட்ட ஏது போன், முக்குல இருக்கற மளிகைக்கடை நம்பரைத்தான் குடுத்திருந்தோம். ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. ஒரு தடவை நெஞ்சுல சளி இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, இன்னொரு தடவை காய்ச்சல். "எடை கொஞ்சம் ஏறட்டும், சளி இல்லாம கூட்டிட்டு வாங்க"ன்னு சொன்னாங்க. அவங்க மேல குத்தம் இல்ல. எங்க நேரம்.

முதல் தடவை திருப்பி அனுப்பின அன்னைக்குத்தான் நான் வேண்டிக்கிட்டேன்.

எங்க அம்மா வீட்டுப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு உயிர்க்கண்டம்னு வந்தா பெத்தவ ஒத்தைத் தானியம் எடுப்பா. ஒரே ஒரு தானியம், அதோட உப்பு, மொளகா, அவ்வளவுதான். அரிசி, பருப்பு, பால், மோர், முட்டை, கறி, காய்கூட நாக்குல படக்கூடாது. அந்தத் தானியத்தையும் காசு குடுத்து வாங்கக்கூடாது, மடிப்பிச்சையா ஒரே இடத்துல ஏந்தணும், முடியற வரைக்கும் அதே இடத்துல இருந்துதான் வரணும். வெளியில மூச்சு விடக்கூடாது. சொன்னா பலிக்காது. வழக்கமா கேவுரு, அதான் கேழ்வரகுலதான் எடுப்பாங்க, ஒரு மண்டலத்துல முடிச்சுக் கோயில்ல பொங்கல் வெச்சுடுவாங்க. எங்க சித்தி அப்படி எடுத்திருக்காங்க, ஒண்ணும் ஆகல, கொஞ்சம் இளைச்சாங்க, அவ்வளவுதான்.

என் விஷயத்துல ரெண்டும் மாறிப்போச்சு. மடியேந்தறதுக்கு எனக்குத் தெரிஞ்ச இடம் அந்தத் தீவன மில்லு ஒண்ணுதான். அங்க ஏது கேவுரு, மக்காச்சோளம்தான். முதலாளி நல்ல மனுசன். "கோழிக்குப் போடறதை நீங்க திம்பீங்களாம்மா?"ன்னு சிரிச்சுட்டு, தூசி தும்பு இல்லாத மணியா என் முந்தானையில கொட்டினார். மாசாமாசம் எடுத்துக்கச் சொல்லிட்டார். ரெண்டாவது, நான் மண்டலம்னு கணக்கு வெக்கல. "இவன் நெஞ்சைத் திறந்து தச்சு, வீட்டுக்கு நடந்து வர்ற வரைக்கும் ஒத்தைத் தானியம்தான் தாயே"ன்னு மாரியாத்தாகிட்டச் சொல்லிட்டேன். ஒரு மாசத்துல கூப்பிட்டுடுவாங்கன்னு நெனப்பு. அது வருசத்தைத் தாண்டிடுச்சு.

காலையில மக்காச்சோளக் கஞ்சி, மத்தியானம் களி, ராத்திரிக்கும் களி. ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு. களி ரெண்டு உருண்டை உள்ள போனா வயிறு திம்முனு நிக்கும், பசியே தெரியாது. அதுதான் அதோட ஏமாத்து வேலை. வயிறு நெறைஞ்சிருக்கறவளைப் பார்த்து யாராவது பட்டினி கெடக்கறான்னு சொல்வாங்களா? எனக்கே தோணல.

பூப்பண்ணையில பிப்ரவரி சீசன் வந்தாத் தலை தெறிக்கும். காதலர் தினமாம், வெளிநாட்டுக்கு ரோஜா ஏத்தணுமாம், விடிஞ்சதுல இருந்து வெட்டணும். அந்தச் சீசன்லதான் கையில ஆரம்பிச்சுது. வெயில்ல காய்ஞ்ச மாதிரி ரெண்டு புறங்கையும் செவந்து எரிஞ்சுது, அப்புறம் கறுத்துத் தடிச்சுத் தோலா உரிஞ்சுது. மணிக்கட்டுல கோடு போட்டு நிறுத்தின மாதிரி, கறுப்பு உறை மாட்டினவ மாதிரி இருந்தேன். காலுக்கும் அப்படியே வந்துச்சு. கழுத்தைச் சுத்தியும் ஒரு பட்டை. சூப்பர்வைசர் பார்த்துட்டு, "பூவுக்கு அடிக்கற மருந்து ஒத்துக்கலம்மா உனக்கு. நீ வேலையை விட்டு நின்னுக்கோ"ன்னுட்டார். ஓசூர்ல ஒரு கிளினிக்ல காட்டினோம். அங்க இருந்த டாக்டரும் மருந்து அலர்ஜிதான்னார். களிம்பு குடுத்தார், ஊசி போட்டார், இன்னும் வெலை ஜாஸ்தியா ஒரு களிம்பு குடுத்தார். தடவத் தடவ எரிச்சல்தான் மிச்சம். நான் போட்டு வெச்சிருந்த சீட்டு அங்கயே கரைஞ்சுது.

அப்புறம் வயித்துப்போக்கு. நிக்கவே இல்ல. லைன் வீட்டுல ஆறு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ், நான் ஓடற ஓட்டத்தைப் பார்த்து ஹவுஸ் ஓனரம்மா மூஞ்சியைச் சுளிக்க ஆரம்பிச்சாங்க. உடம்பு எளைக்குது, தோல் கறுக்குது, போக்கு நிக்கல. அந்த வருசங்கள்ல இது மூணும் சேர்ந்தா எல்லாருக்கும் ஒரே நெனப்புதான். ஊரெல்லாம் எய்ட்ஸ் போஸ்டர் ஒட்டியிருந்த காலம். கிளினிக் டாக்டர் எங்க வீட்டுக்காரரைத் தனியாக் கூப்பிட்டு, "லாரிக்குப் போறவரா நீங்க?"ன்னு கேட்டிருக்கார். இவர் அதுக்கு என்ன பதில் சொன்னாரோ, வெளிய வரும்போது கண்ணு செவந்திருந்துச்சு. ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் பொதுக்குழாய்ல நான் குடம் வெச்சா அதுக்கப்புறம் யாரும் வெக்க மாட்டாங்க, குழாயைக் கழுவி ஊத்திட்டுத்தான் பிடிப்பாங்க. ரிசல்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. அதை ஓனரம்மா மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். அவங்க, "இப்ப இல்லன்னா அப்புறம் வராதா?"ன்னாங்க. 

இவ்வளவுக்கும் நடுவுல ஒவ்வொரு டாக்டரும் கேட்டாங்க: "என்னம்மா சாப்பிடறே?" நான், "எல்லாரும் சாப்பிடறதுதான் சார்"னு சொன்னேன். வேண்டுதலைச் சொன்னா தினேசுக்குப் பலிக்காது. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் அவன் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கி வெச்சிருந்தேன். அவர் பலமுறை கெஞ்சினார், "போதும் புள்ள, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா"ன்னு. "உங்க புள்ளைக்கு நீங்க என்ன பண்ணீங்க, சொல்லுங்க பார்ப்போம்"னு ஒரு நாள் கேட்டுட்டேன். அதுக்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கல.

இதுக்கப்புறம் நடந்தது எனக்கு நேரா ஞாபகம் இல்ல. எங்க நாத்தனார் சாந்தி சொல்லித்தான் தெரியும். அவளை உத்தனப்பள்ளியில கட்டிக்குடுத்திருக்கு, என் நெலைமையைக் கேட்டு வந்து தங்கினா. தூக்கமே இல்லாம உக்காந்திருப்பேனாம். பக்கத்து வீட்டுக்காரி என் மாவுல மண்ணைப் போடறான்னு சண்டைக்குப் போனேனாம். ஒரு நாள் பாகலூர் ரோட்டுல நடுவுல நின்னு பஸ்ஸை மறிச்சு, உள்ள என் புள்ளையை ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு கத்தினேனாம். புள்ளை எனக்குப் பின்னாடி என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கான். வீட்டுக்கு இழுத்துட்டு வந்ததுக்கப்புறம் அவனைக் காட்டி சாந்திகிட்டக் கேட்டிருக்கேன், "இது யார் வீட்டுப் பையன்? உதடெல்லாம் நீலமா இருக்கே, அவங்க அம்மா டாக்டர்கிட்டக் காட்டலயா?"ன்னு.

இதை அவ என்கிட்டச் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனா நான்தான் விடாம கேட்டேன். யாருக்காக ஒரு வருசமா வாயைக் கட்டினேனோ, அவனையே யாருன்னு கேட்டிருக்கேன். 

காத்து கருப்புன்னு சிலபேர் சொன்னாங்க. மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. சாந்திதான், "கயிறெல்லாம் போதும், அண்ணா, வண்டியைப் பிடி"ன்னு சத்தம் போட்டு, தினேசைத் தன் வீட்டுக்காரர்கிட்ட விட்டுட்டு, என்னைக் கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்தா.

பெண்கள் வார்டு. எனக்குக் கட்டில் கெடைச்சுது, பக்கத்துக் கட்டில்ல வேப்பனப்பள்ளி ரத்னம்மா. மாமரத்துல இருந்து விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சவங்க. பேச்சுல பாதி தெலுங்கு. முதல் ரெண்டு மூணு நாள் என் கையைக் கட்டில்ல துணியால கட்டி வெச்சிருந்தாங்களாம். எதுக்கோ ரத்தம், எதுக்கோ மூத்திரம், தலைக்குப் படம் எடுக்கலாமான்னு யோசனை. கடைசியில தோல் டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. கண்ணாடி போட்ட, சின்ன உருவமா ஒரு அம்மா. அவங்க கையைப் பார்க்கல, நாக்கைப் பார்க்கல. நேரா ஜாக்கெட் கழுத்தை விலக்கி, அந்தக் கறுப்புப் பட்டையைத்தான் பார்த்தாங்களாம். மாலை போட்ட மாதிரி கழுத்தைச் சுத்தி இருந்த பட்டை. பார்த்துட்டு எங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாங்க.

"இவங்க என்ன சாப்பிடறாங்க?"

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

"உங்களைத்தான் கேக்கறேன். குடிப்பாங்களா?"

"ஐயோ, இல்லீங்க மேடம்."

"அப்ப சோளம்தான் சாப்பாடா?"

அதைக் கேட்டதும் அவர் மிரண்டுபோயிட்டாராம். யாருமே சொல்லாம இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு. சத்தியத்தை மீறிட்டார். எல்லாத்தையும் கொட்டிட்டார். மக்காச்சோளம், மடிப்பிச்சை, ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுன்னு எல்லாத்தையும். டாக்டரம்மா திட்டல. "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"ன்னு கேட்டாங்க.

"தீவன மில்லுல மேடம். கோழித்தீவனம்."

"கோழிக்கு மக்காச்சோளம் மட்டும்தான் போடுவீங்களா?"

"இல்லீங்க மேடம். மக்காச்சோளம் பாதிக்கு மேல, அப்புறம் சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூளு, சுண்ணாம்புக்கல்லு, அப்புறம் லைசினு ஒரு பவுடரு, வைட்டமின் பாக்கெட்டு..."

"அதெல்லாம் எதுக்குக் கலக்கறீங்க?"

"வெறும் மக்காச்சோளம் போட்டா கோழி..." அதோட நிறுத்திட்டாராம். சாந்தி சொல்றா, "அண்ணன் வாயைத் தெறந்தபடியே நின்னுச்சு அண்ணி, அப்புறம் அப்படியே கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்துடுச்சு." தினமும் தன் கையால மூட்டையைப் பிரிச்சு, கோழி சாகாம இருக்கறதுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் மிக்சர்ல கொட்டற மனுசன்.

அந்த வியாதிக்குப் பேர் பெல்லக்ரா, கழுத்துல மாலை மாதிரி பட்டை விழுந்தா அதுதான்னு தெரிஞ்சுடுமாம். டாக்டரம்மா அப்புறம் எனக்கே விளக்கிச் சொன்னாங்க. நம்ம உடம்புக்கு நயாசின்னு ஒரு வைட்டமின் வேணும். அது மக்காச்சோளத்துலயும் இருக்கு, ஆனா பூட்டி வெச்ச பெட்டியில இருக்கற மாதிரி, நம்ம குடலுக்கு எடுக்க வராது. நல்ல புரதம் சாப்பிட்டா அதுல இருந்து உடம்பே அந்த வைட்டமினைச் செஞ்சுக்கும். மக்காச்சோளத்துலயும் புரதம் இருக்கு, ஆனா அதுல முக்கியமான ரெண்டு சரக்கு கொறைச்சல். அதனால அதையே தின்னா வயிறு நெறையும், உடம்பு நெறையாது. முதல்ல தோல், அப்புறம் வயிறு, அப்புறம் மூளைன்னு போகும். "அதுக்கப்புறம்?"னு கேட்டேன். அவங்க சீட்டுல எழுதிக்கிட்டே, "அதுக்கு முன்னாடி வந்துட்டீங்க"ன்னாங்க.

"உலகத்துல எத்தனையோ ஏழை நாட்டுல இதுதான்மா சோறு"ன்னும் சொன்னாங்க. "ஆப்பிரிக்காவுல உங்களை மாதிரியே களி கிண்டித்தான் திங்கறாங்க. கூட அவரையோ, மீனோ, கடலையோ கெடைக்கறவங்க தப்பிச்சுக்குவாங்க. மெக்சிகோவுல சுண்ணாம்புத் தண்ணியில ஊற வெச்சு வேக வெப்பாங்க, அப்ப அந்தப் பூட்டு தெறந்துக்கும். ஒண்ணும் கெடைக்காம அதை மட்டுமே திங்கறவங்களுக்குத்தான் இது வரும். உங்களுக்குக் கெடைச்சும் வந்திருக்கு." அதைக் கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ஏதாவது எதிர்த்துப் பேசியிருப்பேன்.

மாத்திரை குடுத்தாங்க. சின்ன வெள்ளை மாத்திரை. மாத்திரை சோறு இல்ல, அதனால முழுங்கினேன். சொன்னா நம்ப மாட்டீங்க, ரெண்டு மூணு நாள்ல நாக்கு எரிச்சல் அடங்கிடுச்சு. தூக்கம் வந்துச்சு. ஒரு காலையில முழிச்சுப் பார்த்தா, இது ஆஸ்பத்திரி, அது ஃபேன், அந்தப் பொம்பளை என்னையே பார்த்துக்கிட்டிருக்கான்னு எல்லாம் புரிஞ்சுது. "ஏமம்மா, இன்னைக்கு என்னைய அடிக்க மாட்டியா?"ன்னு ரத்னம்மா கேட்டாங்க. முந்தின நாள் வரைக்கும் அவங்க மேல டம்ளரை வீசியிருக்கேன்.

புத்தி தெளிஞ்சதும்தான் வினையே ஆரம்பிச்சுது. எனக்குக் கால் ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு, அமுக்கினாக் குழி விழுந்து அப்படியே நிக்கும். ரத்தத்துல புரதமே இல்லன்னாங்க. மாத்திரை நாக்கையும் மூளையையும் சரி பண்ணும், ஆனா உரிஞ்ச தோல் மூடணும்னா, வீக்கம் வடியணும்னா, முட்டை, பால், பருப்பு சாப்பிட்டே ஆகணும். இல்லன்னா ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாக்கூட உடம்பு தாங்காதுன்னாங்க. ஆஸ்பத்திரியிலயே பாலும் ரொட்டியும் முட்டையும் குடுத்தாங்க. நான் தொடல.

வேண்டுதல் முடியலையே. அவன் நெஞ்சை இன்னும் திறக்கலையே. இவ்வளவு தூரம் வந்துட்டு, பாதியில ஒரு முட்டைக்காக விட்டுட்டா, நாளைக்கு ஆபரேஷன் மேசையில அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா? நான் சாகறதைப் பத்தி எனக்குப் பயம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பயம் இருந்துச்சு. பக்கத்து வரிசையில ஒரு பொண்ணை வெள்ளைத் துணி போட்டு மூடிக் கொண்டு போனப்ப எனக்குப் பல்லு கிட்டிடுச்சு. ஆனா அதைவிட என் புள்ளையைப் பத்தின பயம் பெரிசா இருந்துச்சு.

முட்டையை ரத்னம்மாவுக்குத் தள்ளிடுவேன். அவங்க, "நீ பட்டினி கெட, நான் உன் குட்டுவைத் தின்னு உனக்குச் சேத்து எலும்பு வளக்கறேன்"னு உரிச்சு வாயில போட்டுக்குவாங்க. முட்டைக்குத் தெலுங்குல குட்டு. சிரிச்சுக்கிட்டேதான் திம்பாங்க. ஆனா நாலாவது நாளோ என்னவோ, வாயில வெக்கப்போனவங்க தட்டுலயே வெச்சுட்டாங்க. "வேண்டாம்மா. எனக்குத் தொண்டையில எறங்கல"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க.

டாக்டரம்மா கெஞ்சினாங்க, நர்சு திட்டினாங்க, சாந்தி கால்ல விழுந்தா. எங்க வீட்டுக்காரர் தினமும் மில்லு முடிச்சு பஸ் ஏறி வருவார். கட்டில் ஓரத்துல உக்காந்து, உரிஞ்ச என் கையில தேங்காய் எண்ணெய் தடவுவார். தடவும்போது என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டார். எனக்குக் கஞ்சி வெக்கறதுக்கு வீட்டுல இருந்து மக்காச்சோள மாவு கொண்டு வரச் சொன்னேன். "மில்லுல இனிமே எடுக்க மாட்டேன்"னு மட்டும் சொன்னார். அதனால வெறும் தண்ணியும் மாத்திரையுமாக் கெடந்தேன். எழுந்து உக்காந்தாத் தலை சுத்தும்.

அப்படி இருந்தப்ப ஒரு நாள் காலையிலயே வந்தார். வேலைக்குப் போகல. நெத்தியில குங்குமம், கையில ஒரு லட்டுப் பொட்டலம். வாசல்லயே நின்னு, "ஆயிடுச்சு புள்ள"ன்னார்.

"என்னது?"

"தினேசுக்கு. நீ புத்தி தெளியாம கெடந்தப்பவே கடைக்குப் போன் வந்துச்சு. சாந்தி வீட்டுக்காரர்தான் கூட்டிட்டுப் போனார். உன்கிட்டச் சொன்னா நீ கெளம்பி நிப்பேன்னுதான் சொல்லல. நல்லபடியா ஆயிடுச்சு. அடைச்சுட்டாங்களாம்."

எனக்கு முதல்ல காதுல எதுவும் ஏறல. அப்புறம் அவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன் பாருங்க, வார்டே திரும்பிப் பார்த்துச்சு. கண்ணு முழிச்சானா, அம்மான்னு கேட்டானா, நடந்தானா, எல்லாம் கேட்டேன். எல்லாத்துக்கும் பதில் சொன்னார். உத்தனப்பள்ளியில சாந்தி வீட்டுல இருக்கான், காயம் ஆறணும், ஆஸ்பத்திரிக்குள்ள கூட்டிட்டு வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, காத்துல கிருமி இருக்குமேன்னார். நியாயமாத்தானே இருக்கு. கை கூப்பிக் கும்பிட்டேன். மாரியாத்தா, என் வயித்துல பால் வார்த்தேன்னு வாய்விட்டே சொன்னேன்.

அன்னைக்கு அவரே முட்டை உரிச்சார். உரிக்கும்போது ஓட்டோட பாதி வெள்ளையும் பிஞ்சு வந்துச்சு. "சந்தோசத்துல மனுசனுக்குக் கை நிக்கல"ன்னு ரத்னம்மாகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அவங்க சிரிக்கல, கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. வாயில வெச்சதும் அந்த ருசி! ஒரு வருசத்துக்கு மேல அது நாக்குல படல. இன்னொண்ணு கேட்டு வாங்கித் தின்னேன். மத்தியானம் பருப்புச் சோறு. சோத்தைப் பெசையும்போதே அழுகை வந்துச்சு.

அதுக்கப்புறம் ஏறுமுகம்தான். கால் வீக்கம் வடிஞ்சுது. கையில பழைய தோல் சருகா உதிர்ந்து, கீழ புதுசா இளந்தோல் வந்துச்சு. டாக்டரம்மா மாணவப் பிள்ளைங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து என் கழுத்தைக் காட்டுவாங்க. நான் பெருமையாக் காட்டுவேன். தினேஷ் எப்படி இருக்கான்னு தினமும் கேட்பேன், நல்லா இருக்கான், இன்னைக்கு ஓடினான், உதடு செவப்பா இருக்குன்னு தினமும் ஒண்ணு சொல்லுவார். அதைக் கேட்டுக்கிட்டே சாப்பிட்டுடுவேன். அவரும் தட்டு காலியாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பார்.

வீட்டுக்கு அனுப்பினாங்க. மூக்கண்டப்பள்ளியில வந்து இறங்கினா, லைன் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் வந்து பார்த்தாங்க, ஓனரம்மாகூட ஒரு சொம்பு பால் குடுத்தாங்க. நான் யாரையும் பார்க்கல. சாந்தி கையைப் பிடிச்சுக்கிட்டு என் புள்ளை உள்ள இருந்து வந்தான். புதுச் சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருந்துச்சு. ஓடி வராதேடான்னு கத்தினேன், அவன் ஓடியேதான் வந்தான். என் மேல வந்து சாய்ஞ்சவனுக்கு மூச்சு வாங்குச்சு. பயணக் களைப்புன்னு நெனச்சுக்கிட்டேன். ஆசைப்பட்டதைத்தானே மனசு நெனக்கும்.

சாயந்திரம் குளிப்பாட்டறேன்னு சொன்னேன். சாந்தி வேகமா எழுந்து, "நான் பண்றேன் அண்ணி, நீங்க உக்காருங்க"ன்னா. "ஏன்டி, என் புள்ளைக்கு நான் தண்ணி ஊத்தக் கூடாதா?"ன்னு சிரிச்சுக்கிட்டே அவனைப் பாத்ரூம் தடுப்புக்குள்ள கூட்டிட்டுப் போனேன். காயத்துல தண்ணி படாம எப்படி ஊத்தறதுன்னு யோசிச்சுக்கிட்டே பட்டனைக் கழட்டினேன்.

நெஞ்சுல ஒரு கீறல் இல்ல.

மேல இருந்து கீழ தடவிப் பார்த்தேன். முதுகைத் திருப்பிப் பார்த்தேன். புது இளந்தோல் மூடின என் கைக்குக் கீழ அவன் நெஞ்சு எப்பவும் போல படபடன்னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. அவன் நகத்தைப் பார்த்தேன். வெளியில பாத்திர சத்தம் எல்லாம் நின்னு போயிருந்துச்சு, சாந்தியும் எங்க வீட்டுக்காரரும் தடுப்புக்கு அந்தப் பக்கமே நின்னிருக்காங்கன்னு தெரிஞ்சுது.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஆனாலும் கேட்டேன், "ஆபரேஷன் பண்ணப்ப வலிச்சுதாடா கண்ணு?"

அவன் என் மூஞ்சியைப் பார்த்தான். சொல்லிக் குடுத்ததை நெனவுபடுத்திக்கிட்டான். வெறும் நெஞ்சோட நின்னுக்கிட்டு, "கொஞ்சம் வலிச்சுதும்மா. இப்பச் சரியாப் போச்சு. நீ சாப்பிடு"ன்னான்.

அவன் தலையில தண்ணியை ஊத்தினேன். சோப்பு போட்டேன். துவட்டி, சட்டையை மாட்டி, பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டு விட்டேன். வெளிய வந்து எங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர், "ரெண்டு பேரையும் சாவுக்கு வாரிக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல புள்ள"ன்னு மட்டும் சொன்னார். அவரை நான் திட்டல, அடிக்கல. பல நாள் பேசாம மட்டும் இருந்தேன்.

கடைக்கு இன்னும் போன் வரல. தினேசுக்குச் சளி விட்டபாடில்ல. நான் தினமும் முட்டை சாப்பிடறேன், பருப்பு சாப்பிடறேன், மாத்திரை போடறேன். கழுத்துப் பட்டை மங்கிக்கிட்டே வருது. கோயில் வழியாப் போகும்போது மட்டும் எதிர்ப்பக்கமா நடந்துடறேன். உள்ள போய் நின்னா என்ன கேக்கறது, எதை விடறேன்னு சொல்றது? என்கிட்ட இருந்தது ஒண்ணுதான், அதையும் பாதியில தின்னுட்டு நிக்கறேன்.

ராத்திரி அவன் தட்டை நகர்த்தி வெச்சுட்டு என் பக்கத்துல வந்து உக்காந்துக்குவான். நான் ஒவ்வொரு வாயும் முழுங்கறேனான்னு பார்ப்பான். அவன் உதடு நீலமா இருக்கும். நான் முழுங்குவேன்.